சென்டினல் படத்துல 2022-லேர்ந்து பனி குறையுது, சென்சார் பழுதா?

கேள்வி: பெங்களூர்ல எம்.டெக் பண்றேன் சார், சொந்த ஊர் தர்மபுரி. இமாச்சல்ல லாஹூல் பக்கம் சந்திரா ஆத்துப் படுகையில ஏப்ரல் மாசப் பனிப்பரப்ப ஐரோப்பாவோட சென்டினல்-2 சேட்டிலைட் படத்த வச்சு 2019-லேர்ந்து 2024 வரைக்கும் போட்டேன். 2022-லேர்ந்து பொசுக்குனு குறையுது. விஜயநகர் பக்கம் ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல, சென்சார் டிரிஃப்ட் ஆயிடுச்சு (அளவு கொஞ்சங் கொஞ்சமா தப்பிடுச்சு), கேலிப்ரேட் பண்ணின, அதாவது அளவு சரிபண்ணின டேட்டா தரோம், 15 ஆயிரம் ஆகும்ங்கறாங்க. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க தம்பி. அந்த டேட்டா மொத்தமும் ஐரோப்பிய ஒன்றியத்தோட கோப்பர்னிகஸ் தளத்துல இலவசம், அதையே டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு விக்கறாங்க. கேலிப்ரேஷன்ங்கறது சேட்டிலைட்லயே சூரிய வெளிச்சத்துக்கு நேரா ஒரு டிஃப்யூசர் பலகைய (வெளிச்சத்த சமமாப் பரப்பற பலகை) வச்சுப் பண்ற வேலை, விஜயநகர்ல மாடியில உக்காந்து பண்றது இல்ல.

சென்சார் நல்லாத்தான் இருக்கு. 2022 ஜனவரி 25-லேர்ந்து ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடயும் 1000 கூட்டித் தராங்க, இருண்ட எடத்துல மைனஸ் மதிப்பு வந்தா வெட்டுப்படக் கூடாதுன்னு. அத நீங்க கழிச்சிருக்க மாட்டீங்க, அவ்ளோதான்.

பனி ஓரத்துல ஒரு பிக்சல எடுத்துக்கங்க. பச்சை பேண்ட் (பச்சை ஒளிய அளக்கற படம்) 3000, ஸ்விர் (கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பு, பனி இத ரொம்பக் கம்மியாத்தான் திருப்பி அனுப்பும்) 1200. வித்தியாசம் 1800, கூட்டுனா 4200, வகுத்தா 0.43, இதுதான் பனிக் குறியீடு (NDSI). பனின்னு எடுத்துக்கற 0.4 கோட்டுக்கு மேல, அதனால பனி. இதுவே ரெண்டுலயும் 1000 கூடி 4000, 2200-னு வந்தா வித்தியாசம் அதே 1800 தான், ஆனா கீழ 6200 ஆயிடுது, வகுத்தா 0.29, பனி காணோம். நல்ல கெட்டிப் பனி 8000, 1000-னு இருக்கும், அது 0.78-லேர்ந்து 0.64-க்கு எறங்குனாலும் தப்பிச்சிடும். உங்க மேப்ப ஜூம் பண்ணிப் பாருங்க, நடுவுல ஒண்ணும் ஆயிருக்காது, ஓரம்தான் தேஞ்சிருக்கும்.

சரி, 2022-க்கு அப்புறம் உள்ளதுல எல்லாம் 1000 கழிச்சா போதும்னு கிளம்பிடாதீங்க, இங்கதான் நெறைய பேர் மாட்டறாங்க. பழைய படங்களயும் அவங்க மறுபடி ப்ராசஸ் பண்ணி வெளியிட்டிருக்காங்க, அதனால 2019 படமே ஃபைல் பேர்ல N0500-னு (ப்ராசஸிங் பேஸ்லைன், அதாவது எந்த முறைப் பதிப்புல ப்ராசஸ் பண்ணினாங்கங்கற நம்பர்) வந்தா அதுலயும் 1000 இருக்கு, அதே படத்த உங்க சீனியர் 2020-லயே எறக்கி வச்சிருந்தா அதுல இருக்காது. தேதிய நம்பாதீங்க. ஃபைல் பேர்ல இங்கிலீஷ் N எழுத்துக்கு அப்புறம் 0400 இல்ல அதுக்கு மேல இருந்தா கழிங்க, படத்தோட வர்ற மெட்டாடேட்டா எக்ஸ்எம்எல் (விவரக் குறிப்பு) ஃபைல்ல ஆட் ஆஃப்செட் (ADD_OFFSET) மைனஸ் 1000-னு இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க. சேட்டிலைட் படங்கள ஆன்லைன்லயே ஆராயற கூகுள் எர்த் எஞ்சின்ல ஹார்மனைஸ்டுன்னு (HARMONIZED) முடியற கலெக்‌ஷன எடுத்திருந்தா அவங்களே கழிச்சுட்டாங்க, நீங்களும் கழிச்சா திட்டுத் திட்டா கெடக்கறது கூட முழுப் பனியா வீங்கிடும். பிக்சல் 0-ன்னா அது டேட்டா இல்லாத எடம், அதத் தொடாதீங்க.

இதெல்லாம் அவங்க அப்பவே வெளிப்படையா அறிவிச்சாச்சு. நம்ம காலேஜ் லேப்கள்ல பல எடத்துல இன்னும் பழைய மேனுவல ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு, வைவால மட்டும் கேலிப்ரேஷன் சர்டிபிகேட் எங்கன்னு கேப்பாங்க. அப்படி ஒண்ணும் கெடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ப்ராசஸிங் பேஸ்லைன் நம்பர், கழிச்சீங்களா இல்லயா, ரெண்டையும் டேபிள் போட்டு தீசிஸ் பின்னாடி சேருங்க, போதும். கழிச்ச பிறகும் ஏதாவது வருஷம் பனி கம்மியா வந்தா அது நெஜமாவே கம்மியா இருந்திருக்கலாம், அந்த வருஷத்து பனிப்பொழிவோட ஒத்துப் பாருங்க. சென்டருக்கு அட்வான்ஸ் ஏதும் குடுத்திருந்தா உடனே திருப்பிக் கேளுங்க.