சி டிரைவில் இருப்பதை டி டிரைவுக்கு மாற்றிவிட்டு விண்டோஸ் போட்டால் போதுமா?

கேள்வி: "மடிக்கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. விண்டோஸ் 10-ஐ எடுத்துவிட்டு 11-ஐப் புதிதாகப் போடப் போகிறேன். சி டிரைவில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் டி டிரைவுக்கு மாற்றி வைத்தால் போதும், டி-யைத் தொடமாட்டேன் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். அது போதுமா? கடைக் கணக்கு டாலியில் இருக்கிறது."

போதாது. உங்கள் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சி-யில் ஓ.எஸ். (அதாவது விண்டோஸ்), டி-யில் நம் சரக்கு, ஏதாவது ஆனால் சி-யை மட்டும் பார்மட் செய் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நானும் திருநெல்வேலியில் இதே தொழிலில்தான் இருக்கிறேன். விண்டோஸ் 7 காலத்தில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடந்த அந்த வழக்கத்தை, இப்போது வரும் மடிக்கணினிகளில் நம்பமுடியாது.

முதலில், சி-யும் டி-யும் பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அடுத்து, விண்டோஸ் நிறுவும்போது வரும் திரையில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்று வரிசையாக நிற்கும். அளவை வைத்து எது எது என்று ஊகிக்க வேண்டும். இரண்டையும் ஏறக்குறைய சம அளவில் பிரித்து வைத்திருப்பவர்கள் ஏராளம். கடையில் நான்கு வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பையன் ஒரு வரி தள்ளி டெலீட்டை அழுத்தினால் டி-யும் காலி.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடனேயே வட்டு தானாகப் பூட்டப்படுகிறது. பிட்லாக்கர் என்ற பூட்டு அது. ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும். சி-யோடு டி-யையும் அது பூட்டிவிடும். நீங்கள் தினமும் நுழையும்போது டி தானாகத் திறப்பதற்குக் காரணம், அதன் சாவி சி-யில் இருக்கும் விண்டோஸிடம் இருப்பதுதான். சி-யை அழித்தால் அந்தச் சாவியும் அழிந்துவிடும். புதிய விண்டோஸில் டி-யைச் சொடுக்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கணக்கை எந்த மின்னஞ்சலில் தொடங்கினோம் என்றே நினைவில்லாமல் வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மடிக்கணினி வாங்கிய அன்று விற்பனைக் கடைக்காரரே அவசரத்தில் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார். சாவி கிடைக்காவிட்டால் அந்த டி-யை நானும் திறக்கமுடியாது, மைக்ரோசாஃப்டும் திறக்கமுடியாது.

ஆகவே வேறு எதற்கும் முன்னால், செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இன்னொரு கணினியிலோ போனிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதைப் படம் பிடித்து அதே மடிக்கணினியில் சேமிப்பவர்களும் உண்டு, வேண்டாம். புதிதாகப் போடும் விண்டோஸ் 11-உம், 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் முன்பைவிட அதிகமான கணினிகளில் இந்தப் பூட்டைத் தானாகவே போடுகிறது. இந்தச் சாவி சமாச்சாரம் நிறுவி முடித்த பிறகும் உங்களைத் தொடரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'போனால் போகட்டும், ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கிறதே' என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் விரைவு பார்மட் செய்தால், மேலே வேறு எதுவும் எழுதாதவரை, ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் கணிசமாக மீட்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டில் கதை வேறு. ஓர் இடம் காலியாகிவிட்டது என்று விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் தெரிவித்தவுடன், எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தன் வசதிப்படி துடைத்துவிடுகிறது. பிறகு தோண்டினால் பூஜ்யம்தான் கிடைக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள். பென் டிரைவை இந்த வேலைக்கு நான் ஏற்றுக்கொள்வதில்லை. அது தொலையும், திடீரென்று செத்துப்போகும். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் பார்மட் ஆகி வருவதால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்கவும் மறுக்கும். கல்யாண வீடியோவில் வந்து நிற்கும்போதுதான் அது தெரியவரும். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பல கணினிகளில் அதன் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும். பெரிய கோப்புகளாக இருந்தால் 300 ஜிபி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும். பழைய யுஎஸ்பி 2-இல் அதுவே இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது, இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும்.

எதை எடுப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாதவைதான் தொலைகின்றன. சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். மறைத்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னால் அதற்குள் ஆப்டேட்டா என்ற ஒன்று தெரியும். பயர்பாக்ஸின் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் அங்கே இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரில் உள்ளன. அதை அப்படியே எடுத்துவைத்தால் திரும்பக் கிடைத்துவிடும். குரோமில் அப்படி இல்லை. அதன் பாஸ்வேர்டுகள் உங்கள் பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரை நகலெடுத்தாலும் புதிய விண்டோஸில் திறக்காது. கூகுள் கணக்கில் ஒத்திசைவு ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது பாஸ்வேர்டு பட்டியலைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். அந்தக் கோப்பில் எல்லாம் பூட்டில்லாமல் பச்சையாக எழுதப்பட்டிருக்கும்; வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். முகத்தையோ பின் எண்ணையோ வைத்து நுழையும் 'பாஸ்கீ' எதையாவது விண்டோஸ் ஹலோவில் வைத்திருந்தால் அதை நகலெடுக்கவே முடியாது. அந்தத் தளங்களில் நுழைய மாற்று வழி ஒன்றை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அவுட்லுக்கில் அஞ்சல் பார்ப்பவர்கள், அஞ்சல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பைத் தேட வேண்டும். ஓஎஸ்டி என்று முடியும் கோப்பு சர்வரில் இருக்கும் அஞ்சலின் வெறும் பிரதிபலிப்பு, அதை எடுத்துப் பயனில்லை.

ஒன்டிரைவ் இருக்கிறது, எல்லாம் மேகத்தில் பத்திரம் என்றால், இலவசம் 5 ஜிபி மட்டும் என்பது நினைவிருக்கட்டும். கோப்பின் பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தால் அது கணினியில் இல்லை, மேலே மட்டும் இருக்கிறது என்று பொருள். இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு தலைவலி உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இருப்பவை அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். டிடிபி செய்யும் ஒருவர், அழைப்பிதழ்க் கோப்புகள் அத்தனையையும் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு, எழுத்துருக்களை எடுக்காமல் என்னிடம் வந்தார். கோப்புகள் பழுதாகிவிட்டதாக நினைத்துப் பதறிப்போயிருந்தார். கோப்புகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே எழுத்துருவின் அதே வடிவத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். அது மட்டும் போதாது: விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே போகாமல் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போய் அதற்குள் இருக்கும் இன்னொரு ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் உட்காருகின்றன. இரண்டையும் எடுக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அதன் நிறுவல் கோப்பையும் கூடவே போட்டு வையுங்கள்.

இப்போது டாலி. உங்கள் கடையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பதால் இதை அவசரப்படாமல் செய்யுங்கள். டாலி உங்கள் கணக்கை டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை. டாலியின் பழைய இஆர்பி 9 பதிப்பு என்றால் பெரும்பாலும் சி டிரைவில் டாலியின் ஃபோல்டருக்குள்ளேயே டேட்டா என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குப் பின் வந்த பிரைம் என்றால் யூசர்ஸுக்குள் பப்ளிக் என்ற இடத்தில் இருக்கலாம். ஊகிக்க வேண்டாம்; நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே பாதை தெரியும். அங்கே போனால் 10000 போல எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிறுவனம். டாலியை மூடிவிட்டு அந்த டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். அதோடு டாலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியிலும் ஒரு பிரதி எடுங்கள். இரண்டு வழியிலும் எடுக்கச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஆடிட்டர் அலுவலக வாசலில் நிற்க நேர்ந்தால் மிகையாகத் தோன்றாது. எந்தப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; புதிய பதிப்பில் எழுதிய கணக்கைப் பழைய பதிப்பு திறக்காது. உரிமம் வாங்கிய டாலியாக இருந்தால், பார்மட் செய்யும் முன் அதன் லைசென்ஸ் பகுதியில் சரண்டர் செய்துவிட்டுப் புதிய விண்டோஸில் மறுபடி ஆக்டிவேட் செய்வதே முறை. ஜிஎஸ்டிக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பற்றிக் கவலை வேண்டாம். கையொப்பம் அந்த டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, டிரைவரை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும்.

நகலெடுத்து முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிடுங்கி, வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். சில படங்கள், ஒரு வீடியோவின் நடுப்பகுதி, ஒரு எக்செல் கோப்பு ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். இரு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டிஸில் கோப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் நிறுவும் நேரத்தில் அந்த டிஸ்க் கணினியில் செருகியிருக்கக்கூடாது. நிறுவல் திரையில் அதுவும் இன்னொரு வரியாக வந்து நிற்கும். நான் மேலே சொன்ன பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பொறுக்கி எடுக்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு, முழு வட்டையும் அப்படியே நகலாகப் பிடித்துவைக்கும் வழி உண்டு. குளோன்ஜில்லா இலவசம், ஆனால் அதன் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுவார்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் டிஸ்க்2விஎச்டி எளிது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சி டிரைவை ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்பாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எழுதிவிடும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் அதை முதலில் முழுதாக நீக்க வேண்டும். பின்னால் ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்று தெரியும்போது, அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் இன்னொரு டிரைவைப் போலத் திறக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு யோசனை தோன்றுகிறது. மெதுவாக இருக்கிறது என்கிறீர்கள். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், விண்டோஸை மாற்றி மட்டும் பெரிய வேகம் வந்துவிடாது. ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, விண்டோஸ் 11-ஐ அதில் நிறுவச் சொல்லுங்கள். அதற்குமுன், உங்கள் கணினி 11-க்குத் தகுதியானதா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியில் பார்த்துவிடுங்கள். பழைய வட்டைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டால், யாரும் எதையும் அழிக்காமல் சி, டி இரண்டும் அப்படியே உங்கள் கையில் இருக்கும். பார்மட் என்ற பேச்சே வராது. டாலி டேட்டாவை மட்டும் அப்போதும் வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வைத்துவிடுங்கள். கழற்றிய வட்டுக்கும் வயதாகியிருக்கும். வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் அது 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால், முதல் வேலையாக அதிலிருந்து நகலெடுங்கள். கிளிக் கிளிக்கென்று சத்தம் வந்தால் நீங்களாக எதுவும் முயலாமல் நிறுத்தி, தகவல் மீட்பு செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

மடிக்கணினியை வாங்கிக்கொள்ளும்போது 'எல்லாம் இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பார்கள். கடையில் நின்றபடியே டாலியைத் திறந்து கடைசியாகப் போட்ட வவுச்சரின் தேதியைப் பாருங்கள், பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து படியுங்கள், பிறகு பணம் கொடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருப்பதை அடுத்த ஜிஎஸ்டி தாக்கல் முடியும்வரை அழிக்க வேண்டாம்.