மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வரும் பெரிய அலகுப் பறவையும் தமிழ்நாட்டு இருவாச்சியும் ஒன்றா?

ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே பறவை இல்லை. வால்பாறைக் காடுகளில் எல்லோரும் தேடிப்போய்ப் பார்க்கும் பெரிய இருவாச்சி வேறு பேரினம். கோயில் ஆலமரம் பழுத்ததும் கூட்டமாக வந்து கத்துகிறது, வயிறு வெள்ளை, உடம்பு கறுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நம் ஊர்க்காரர்கள் எங்காங் (மலாயில் இருவாச்சி) என்று சொல்வதிலேயே சிறிய வகை அது. ஆங்கிலத்தில் ஓரியண்டல் பைட் ஹார்ன்பில், பேரினத்தின் பெயர் ஆந்த்ராகோசெரோஸ்.

இதில் மொத்தம் 5 இனங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் மலபார் இருவாச்சி நம்முடையதற்கு மிக நெருங்கிய சொந்தம், பார்க்கவும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வயிறும் கறுப்பாக இருந்தால் அது கறுப்பு இருவாச்சி. மலேசியாவிலும் இருக்கிறது, ஆனால் காட்டை விட்டு அவ்வளவாக வெளியே வராது. மற்ற இரண்டும் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒன்று பலாவான் தீவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் மட்டும். இன்னொன்று சூலு தீவுக்கூட்டத்தில், அழிவின் விளிம்பில்.

நம்முடையதற்கு அந்த நிலைமை இல்லை. பழம், பல்லி, பூச்சி, மற்ற பறவைகளின் முட்டை என்று எது கிடைத்தாலும் சாப்பிடும். அதனால்தான் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) நடுவிலும் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் கூடு விஷயத்தில் அதற்கு வழியே இல்லை. மரங்கொத்தி மாதிரி பொந்து குடைய இதனால் முடியாது. ஏற்கெனவே பொந்து விழுந்த வயதான மரம் வேண்டும். பெட்டை உள்ளே போய், சேறும் எச்சமும் பழச்சதையும் குழைத்து வாசலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். கிட்டத்தட்ட மூன்று மாதம் அதற்குச் சாப்பாடு கொண்டுவருவது ஆண்தான். தொண்டையில் அடக்கி வந்த பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே நீட்டும். அது வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினிதான். இந்தப் பறவையைச் சுடுவதும் பிடிப்பதும் எனக்குப் பொறுக்காது. 2010 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

செம்பனையில் அப்படிப்பட்ட பொந்து விழுவதில்லை. ஏறக்குறைய 25 வருடத்தில் வெட்டி மறுநடவும் செய்துவிடுகிறார்கள். அப்புறம் மிச்சம் இருப்பது கோயில் ஆலும் அரசும், ஆற்றோரத்துப் பழைய மரங்களும்தான்.

பங்கோர் தீவில் மாலையில் பழம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள், கிட்டத்திலேயே பார்க்கலாம். எனக்கு அதில் அவ்வளவாக விருப்பமில்லை. தோட்டத்தில் ரொட்டி, சோறு எதுவும் போட வேண்டாம், மரம் இருந்தால் தானாக வரும். கோயில் கமிட்டி கட்டட வேலைக்காக அந்த ஆலமரத்தை வெட்டுவதாக இருந்தால், முதலில் பொந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மரமே இல்லாத இடம் என்றால் கூட்டுப்பெட்டி கட்டலாம்; சிங்கப்பூரில் உபின் தீவில் பெட்டி வைத்தார்கள், இந்தப் பறவை அதிலும் குஞ்சு பொரித்தது.