ஜவ்வு தைத்த முழங்கால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (திண்டுக்கல் மாவட்ட வாசகர், வயது 29): ஊர்க் கபடிப் போட்டியில் பிடிபட்டபோது, ஊன்றிய இடது கால் அங்கேயே நிற்க உடல் மட்டும் திரும்பியதில், முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்து மடிந்து மூட்டுக்குள் சிக்கியிருப்பதாகச் சொல்லி, நுண்துளை வழியாகத் தையல் போட்டார்கள். இப்போது ஒன்பது வாரங்கள் ஆகின்றன. ஊன்றுகோலை விட்டு மூன்று வாரம் ஆகிறது. படியிறங்கும்போது முட்டிச்சில்லைச் சுற்றி வலிக்கிறது. மாலையில் முழங்கால் உப்பிவிடுகிறது. மல்லாந்து படுத்தால் முழங்காலின் பின்புறம் பாயைத் தொடுவதில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் இதே ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டு ஐந்தாம் நாளே நடந்தார். மூன்றாம் வாரம் வண்டி ஓட்டினார். என் தையல் பிரிந்துவிட்டதா? மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்காருவது, வண்டி ஓட்டுவது, கபடி ஆடுவது எல்லாம் எப்போது?

பதில்: முதலில் அந்தத் தெருக்காரரைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனெனில் உங்கள் கவலையில் பாதி அவரால் வந்தது. முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் அதற்கு நம் ஊரில் 'ஜவ்வு' என்று ஒரே பெயர்தான். தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைத்து நிறுத்தும் தசைநாரும் ஜவ்வு. அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. மெனிஸ்கஸ் அறுவையிலும் இரண்டு வகை உண்டு. கிழிந்த துணுக்கை வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தைச் சீராக்குவது ஒன்று. கிழிசலைச் சேர்த்துத் தைப்பது மற்றொன்று. வேட்டிக் கரையில் பிரிந்து தொங்கும் நூலை நறுக்கிவிட்டால் வேட்டியை உடனே உடுத்தலாம். கிழிந்த இடத்தைத் தைத்துக் காப்பாற்றுவதென்றால் அதை உடனே இழுத்துக் கட்ட முடியாது. உங்கள் தெருக்காரருக்கு நடந்தது பெரும்பாலும் நறுக்கல்தான். அப்படியானால் அவர் ஐந்தாம் நாள் நடந்ததில் வியப்பில்லை.

உங்களுக்கு இந்தத் தாமதம் ஏன் என்றால், மெனிஸ்கஸுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதன் வெளி விளிம்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் நல்ல இரத்தக்குழாய்கள் வந்து சேர்கின்றன. உள்விளிம்புக்கு இரத்தம் அறவே கிடையாது. அறுவை மருத்துவர் தையல் போடத் துணிந்தார் என்றால், கிழிசல் ஆறக்கூடிய இடத்தில் இருந்தது என்பதும், அந்த மெத்தையை உங்களுக்காகக் காப்பாற்ற அவர் விரும்பினார் என்பதும் பொருள். தைப்பது புது நாகரிகமும் அல்ல. எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்ற அறுவை மருத்துவர் 1883-ஆம் ஆண்டிலேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மெனிஸ்கஸைத் தைத்திருக்கிறார். ஆனாலும் அதன்பின் பல பத்தாண்டுகள், இது தேவையற்ற உறுப்பு என்றெண்ணி, கிழிந்தால் முழுவதையும் எடுத்து எறிவதே வழக்கமாக இருந்தது. அப்படி எடுக்கப்பட்ட முழங்கால்களில் பின்னாளில் எலும்பு தேய்ந்து மாறுவதை 1948-இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு எடுத்துக்காட்டிய பிறகுதான் எண்ணம் மெல்ல மாறத் தொடங்கியது. இன்று நீங்கள் படும் இந்தச் சில மாதத் தொல்லை, நாற்பத்தைந்து வயதில் வரக்கூடிய மூட்டுத் தேய்மானத்துக்கு எதிராக இப்போதே போட்டுவைக்கும் முன்பணம்.

இனி உங்கள் முழங்காலைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய மூன்று தொல்லைகளில் வலியைத்தான் முதலில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். தைத்த முழங்காலில் வலி அவ்வளவாக நம்பத்தக்க சாட்சி அல்ல; மாத்திரை போட்டால் அடங்கிவிடும், பயந்தால் கூடிவிடும். வீக்கம் அப்படியல்ல. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது என்றால், அன்றைக்கு அந்த மூட்டுக்குத் தாங்கும் அளவுக்கு மேல் வேலை கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அதைவிட முக்கியமாக, உள்ளே நீர் சேர்ந்தால், தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே தணித்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை முழுதாக இறுகாது. தசை இறுகாவிட்டால் படியிறங்கும்போது முட்டிச்சில்லு பாரத்தைத் தனியே தாங்குகிறது, முன்பக்கம் வலிக்கிறது. ஆக, உங்கள் படி வலி தையலிலிருந்து வருவதைவிட வீக்கத்திலிருந்தும் மெலிந்த தொடையிலிருந்தும் வருவதற்கே வாய்ப்பு அதிகம். தையல் இருக்கும் இடம் மூட்டின் உள்பக்கக் கோடு. அந்தக் கோட்டில் விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே வலித்தால் அது வேறு கதை, மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

வீக்கத்தை அளக்கத் தையல்காரரிடம் இருக்கும் டேப் போதும். காலை எழுந்ததும், தரையில் கால் ஊன்றும் முன், முட்டிச்சில்லின் நடுவாக முழங்காலைச் சுற்றி அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு படுக்கும்போது மறுபடி அளந்து எழுதுங்கள். மாலையில் சற்றுக் கூடி, காலையில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் கவலையில்லை. காலை அளவே முந்தின நாள் காலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடியிருந்தால், அன்று நடையையும் பயிற்சியையும் பாதியாகக் குறையுங்கள். டேப் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. காலை நீட்டிக்கொண்டு, முட்டிச்சில்லின் உள்பக்கப் பள்ளத்தை உள்ளங்கையால் தொடைப் பக்கமாக மேல்நோக்கி வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழியுங்கள். காலியான உள்பள்ளம் அலைபோல் மெல்ல மீண்டும் நிரம்பினால், உள்ளே நீர் இன்னும் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, குதிகால் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி படுத்திருங்கள். ஆறாம் வாரத்தில் ஊன்றுகோலை விட்டது தவறில்லை. ஆனால் தினமும் மாலையில் உப்புகிறதென்றால், வெளியில் போகும்போது ஒரு கோலை எதிர்ப்பக்கக் கையில் பிடித்து இரண்டு வாரம் நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, முழங்கால் பாயைத் தொடவில்லை என்ற ஒரு வரிதான். எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். முழுதாக நீள்கிறதா என்று கேட்பவர் குறைவு. மடக்கம் மெதுவாக வந்தாலும் வந்துவிடும். நீட்டல் சில மாதங்கள் தவறிப்போனால் மீட்பது கடினம்; நடக்கும்போது காலம் முழுவதும் ஒரு சாய்வு நின்றுவிடும். இதில் வீட்டாரின் அன்புக்கும் ஒரு பங்கு உண்டு: வலிக்குமே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுகிறார்கள். அந்தத் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வைத்து, முழங்கால் தன் எடையாலேயே கீழே இறங்கும்படி பத்து நிமிடம் விடுங்கள். நாளைக்கு மூன்று முறை செய்யுங்கள். அந்த நிலையிலேயே தொடை முன்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துத் தளர்த்துங்கள். எவ்வளவு குறைகிறது என்று அறிய, கட்டிலில் குப்புறப் படுத்துப் பாதங்களை விளிம்புக்கு வெளியே விட்டு, இரண்டு குதிகால்களின் உயரத்தையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு ஏறக்குறைய ஒரு டிகிரி.

நீட்டும்போது பின்தொடையில் இழுப்பதுபோல் இருந்தால் அது தசை இறுக்கம், பயிற்சியில் சரியாகும். அப்படியில்லாமல், கதவிடுக்கில் கல் சிக்கியதுபோல் மூட்டுக்குள் ஏதோ தடுத்து நிறுத்துகிறது, அல்லது முன்புபோல் திடீரென்று பூட்டிக்கொள்கிறது என்றால், பயிற்சி செய்து பார்க்க வேண்டாம். தைத்த துண்டு மறுபடி நகர்ந்திருக்கக்கூடும். அந்த வாரமே அறுவை மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர் அப்போது முடிவு செய்வார். வெறும் ஐயத்துக்காக நீங்களாக இப்போது எடுக்க வேண்டாம். நன்றாக ஆறிய மெனிஸ்கஸிலும் தையல் போட்ட இடம் பல மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட, கிழிசல்போலவே படத்தில் வெளுத்துத் தெரியும். அறிக்கையைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். எல்லாத் தையலும் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குத் தையல் தோற்றிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் அதைக் காட்டவில்லை.

குத்துக்காலிட்டு உட்காருவது குறைந்தது நான்கு மாதம், பல மருத்துவர்கள் கணக்கில் ஆறு மாதம், கூடாது. நேராக நிற்கும்போது மூட்டின் பாரத்தில் சுமார் பாதியை மெனிஸ்கஸ் தாங்குகிறது; 90 டிகிரி மடங்கும்போது அது 85 சதவீதம் வரை ஏறுகிறது; அதற்குமேல் மடங்க மடங்க முழு அழுத்தமும் பின்பகுதியில், அதாவது பெரும்பாலும் கிழிசலைத் தைத்த இடத்திலேயே விழுகிறது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால், தரைக் கழிப்பறையின்மேல் வைக்கும் மடக்கு கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். சம்மணமும் அதுவரை வேண்டாம். அது மடக்குவதோடு முறுக்கவும் செய்கிறது. பின்தொடைத் தசையை எதிர்ப்புக்கு எதிராக மடக்கும் ஜிம் கருவியையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்தத் தசைகளில் ஒன்று உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியோடு நேரடியாக இணைந்திருப்பதால், அது சுருங்கும்போது தையலை இழுக்கும்.

வண்டி விஷயத்தில் நாள் கணக்கைவிடச் செயல் கணக்கே சரி. உங்களுடையது இடது கால். சிக்னலில் ஊன்றுவதும் கியர் போடுவதும் அந்தக் கால்தான். முழங்கால் முழுதாக நீண்டு, வீக்கம் வற்றி, இடது காலில் மட்டும் அரை நிமிடம் தள்ளாடாமல் நிற்க முடிந்து, மருத்துவரும் ஒப்புக்கொண்ட பிறகு ஓட்டுங்கள். பெரும்பாலோருக்கு அது மூன்றாம் மாதத்தை ஒட்டி வரும். ஓட்டத் தொடங்கிய பிறகும் சென்டர் ஸ்டாண்ட் போடுவதை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். கால் ஊன்றி உடலைத் திருப்பி வண்டியை இழுக்கும் அந்த அசைவு, உங்கள் மெனிஸ்கஸ் கிழிந்த அசைவின் சிறிய வடிவமே. நேர்கோட்டில் மெல்லோட்டம் நான்காம் மாதம் வாக்கில் தொடங்கலாம். கபடிக்குக் குறைந்தது ஆறு மாதம். அப்போதும் இடது தொடையின் பலம் வலது தொடையின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியக் கூடாது. கடைசியாக, உங்கள் ஆபரேஷன் குறிப்பை வாங்கி, மூட்டின் நடுவே இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) முழுமையாக இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது அறுந்திருந்து சரிசெய்யப்படாமல் விடப்பட்டிருந்தால், மெனிஸ்கஸ் தையல் நீடிப்பது கடினம். கபடியையும் மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி (கும்பகோணம் வாசகி, வயது 54): படியிறங்கும்போது முழங்காலின் பின்புறம் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெனிஸ்கஸ் வேரோடு பிய்ந்துவிட்டது என்று அறுவை செய்து, ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்கிறார்கள். இத்தனை நாள் தேவையா? பூஜைக்குத் தரையில் உட்காரலாமா?

பதில்: தேவைதான் அம்மா. மற்றக் கிழிசல்களில் மெத்தை நடுவில் கிழிகிறது; உங்களுக்கு மெத்தையை எலும்போடு கட்டியிருந்த முடிச்சே அவிழ்ந்துவிட்டது. முடிச்சு அவிழ்ந்தால் பாரம் விழும்போது முழு மெத்தையும் வெளியே பிதுங்கும். மூட்டைப் பொறுத்தவரை மெனிஸ்கஸே இல்லாததற்குச் சமம். இப்போது நூலை எலும்பில் துளையிட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அது எலும்போடு ஒட்டும் முன் ஊன்றினால், நூல் மெனிஸ்கஸை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஆறு வாரம் முடிந்ததும் ஒரேயடியாக நடந்துவிடாமல், ஊன்றுகோலோடு காலின்மேல் எடையைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

தரையில் அமர்வது ஆறு மாதம் வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றே நான் சொல்வேன். நடுத்தர வயதுக்கு மேல் வரும் இந்த வேர்க் கிழிசல், தரையில் மடங்கி உட்கார்ந்து எழும் வழக்கமுள்ள ஆசிய நாடுகளின் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சாமிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வதால் பூஜை குறைந்துவிடாது. உடல் எடை கூடுதலாக இருந்தால், மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் அளந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு உங்களுக்குப் பயன்படும்: ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது.

கேள்வி (மதுரை வாசகர்): மகனுக்கு உள்பக்க மெனிஸ்கஸ் தைத்து இருபது நாள் ஆகிறது. தழும்புக்குக் கீழே கணைக்காலின் உள்பக்கம் மரத்து, எரிகிறது. கெண்டைக்காலும் இரண்டு நாளாக வலிக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவி விடலாமா?

பதில்: மரத்துப்போவதும் எரிச்சலும், அந்தப் பக்கமாக ஓடும் தோல் நரம்பு தையலின்போது இழுபட்டதால் வருபவை, பெரும்பாலும் சில மாதங்களில் தணியும். மருத்துவரிடம் சொல்லிவைத்தால் போதும். கெண்டைக்கால் வலி அப்படியல்ல. காலுக்கு அதிகம் வேலை தராமல் இருக்கும் நாட்களில் ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில், இரத்தம் உறைய வாய்ப்புண்டு. உறைந்திருக்கும் காலை நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். எனவே எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.