குழந்தை சோப்பு முதல் சிவப்பழகு க்ரீம் வரை: பெட்டியின் பின்பக்கம் சொல்வது என்ன?

சருமப் பராமரிப்புப் பொருள்கள் குறித்து வந்த கேள்விகளில் ஐந்தினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவ ஆலோசனை கேட்டவர்களுக்கு மருத்துவரே பதில் சொல்ல வேண்டும். கடையில் எதைப் பார்த்து வாங்குவது, எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதை மட்டுமே இங்கே பேசுகிறோம்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. 75 கிராம் குழந்தை சோப்பு 66 ரூபாய். நாங்கள் தேய்த்துக் குளிக்கும் சோப்பு 100 கிராம் 40 ரூபாய்தான். உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா, அல்லது பெட்டியில் குழந்தைப் படம் போட்டதற்குத்தான் இந்த விலையா? – வாசகி, ஈரோடு

பதில்: முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். குழந்தை சோப்பு கிராமுக்கு 88 பைசா, உங்கள் சோப்பு 40 பைசா. ஆக, இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொடுக்கிறீர்கள். இப்போது பெரும்பாலான பெட்டிகளில் அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகிலேயே ஒரு கிராமின் விலையும் அச்சிடப்பட்டிருப்பதால், 75, 100, 125 கிராம் என்று அளவை மாற்றி மாற்றி வைத்து விற்கும் வித்தையில் சிக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, பெட்டியைத் திருப்பி 'டிஎஃப்எம்' என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குளியல் சோப்புக்கு 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். இவை போக 'பாத்திங் பார்' என்று ஒரு வகை உண்டு. அதற்கு 40 விழுக்காடு இருந்தாலே போதும். இந்தச் சொல் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வருவது அரிது. பின்பக்கத்தில், விலாசத்துக்கு மேலே, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய அளவில்தான் இருக்கும். எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு கட்டிகளை ஒரே நாளில் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தேன். கொழுப்பு குறைந்த கட்டி நான்காம் நாளே சோப்புப் பெட்டியின் அடியில் கூழாகத் தேங்கத் தொடங்கிவிட்டது. மற்றது விளிம்பு மழுங்காமல் இருந்தது. விலை குறைவாகத் தெரிகிற கட்டி விரைவில் தீர்ந்துபோவதையும் சேர்த்துத்தான் மலிவா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

ஆனால் டிஎஃப்எம் உயர்ந்திருப்பதாலேயே ஒரு சோப்பு குழந்தைக்கு உகந்ததாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யப்படும் எந்தச் சோப்பும் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ இலேசான அமிலத்தன்மை கொண்டது, சுமார் 5.5. இந்த இடைவெளிதான் தோலை வறளச் செய்கிறது. 'சின்டெட்' எனப்படும் சோப்பல்லாத கட்டிகள் இந்த இடைவெளியைக் குறைப்பதற்கென்றே செய்யப்படுபவை. அவற்றின் விலை இன்னும் அதிகம். அவற்றில் டிஎஃப்எம் தேடுவதும் பொருந்தாது, ஏனெனில் அவை சோப்பே அல்ல.

என் கருத்து இது: ஐந்து மாதக் குழந்தைக்குத் தினமும் தலை முதல் கால் வரை சோப்பு போட வேண்டிய அவசியமே இல்லை. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, கை கால் ஆகியவற்றுக்கு மட்டும் போட்டு, மற்ற இடங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். பிறந்த குழந்தையை 24 மணி நேரம் கழித்தே குளிப்பாட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் வீடுகளில் தண்ணீரும் சோப்பும் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகின்றன. மேலே சொன்னபடி மடிப்புகளுக்கும் கை கால்களுக்கும் மட்டும் பயன்படுத்தினால் ஒரு கட்டி பல மாதம் வரும் என்பதால், நறுமணம் சேர்க்காத, சோப்பல்லாத கட்டி ஒன்றை வாங்குவதே கடைசியில் சிக்கனமாகவும் முடியும். 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை உண்டாக்கும் வாய்ப்பு குறைவு என்று பொருள்), 'டாக்டர்கள் பரிந்துரைப்பது' போன்ற சொற்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உட்பொருள் பட்டியலில் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' இருக்கிறதா என்று பார்ப்பது அச்சொற்களைக் காட்டிலும் பயனுடையது.

கேள்வி: குளிப்பாட்டியதும் பவுடர் போடாவிட்டால் மாமியார் ஒத்துக்கொள்வதில்லை. டால்கம் பவுடர் கெடுதல் என்கிறார்களே, மக்காச்சோள மாவுப் பவுடர் வாங்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேண்டாம். டால்க் என்பது மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்படும் கனிமம்; அது கிடைக்கும் பாறைகளில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கக்கூடும் என்பதுதான் நெடுநாள் வழக்கு. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020-இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது; 2023-இல் உலகம் முழுவதும் நிறுத்தி, மக்காச்சோள மாவுக்கு மாறிக்கொண்டது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற வகையில் சேர்த்தது. எனினும் கைக்குழந்தையைப் பொறுத்தவரை உடனடிக் கவலை மூச்சுதான். டப்பாவைத் தட்டும்போது எழும் மெல்லிய தூசியை, அது கனிமமாக இருந்தாலும் மாவாக இருந்தாலும், குழந்தை உள்ளிழுக்கிறது.

மடிப்புகளை மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து உலரவிட்டால் பவுடருக்கு வேலையே இல்லை. டயப்பர் கட்டும் இடத்தில் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு போதும். மாமியாரிடம் தர்க்கம் பண்ணுவதைவிட, டப்பாவை வாங்காமலே இருந்துவிடுவது எளிது.

கேள்வி: குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க, சமையல் தேங்காய் எண்ணெய் வாங்குவதா, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயா, அல்லது 'பேபி ஆயில்' என்று தனியாக விற்பதா? ஆலிவ் எண்ணெய்தான் உயர்ந்தது என்றும் ஒருவர் சொன்னார். – வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் தேங்காய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. சிறு பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் உணவுப் பொருளா, கூந்தல் தைலமா என்பது பல ஆண்டுகள் வரி வழக்காக நடந்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்வரை போய், கூந்தல் தைலம் என்று குறிப்பிடப்படாத வரையில் அது சமையல் எண்ணெய்தான் என்று முடிந்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடும் கூந்தல் தைலத்துக்கு 18 விழுக்காடும் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் தைலத்துக்கும் 5 விழுக்காடுதான். ஆகவே, வரியைக் காரணம் காட்டி விலை வேறுபாட்டை இனி யாரும் நியாயப்படுத்த முடியாது.

வாங்குபவருக்கான அடையாளம் எளியது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், உணவுப் பொருளுக்குரிய பச்சைப் புள்ளியும் இருந்தால் அது உண்ணத்தக்க எண்ணெய். குழந்தைக்கு அதையே வாங்குங்கள். செக்கில் ஆட்டியது கிடைத்தால் நல்லது, ஆனால் திறந்த டின்னிலிருந்து அளந்து ஊற்றுவது வேண்டாம். கூந்தல் தைலத்தில் வாசனையும் வேறு எண்ணெய்களும் சேர்ந்திருக்கலாம். 'பேபி ஆயில்' பாட்டில்களில் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் முதல் உட்பொருள் 'மினரல் ஆயில்' அல்லது 'லிக்விட் பாரஃபின்' என்றிருக்கும். அது தோலுக்குக் கெடுதல் செய்வதன்று. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் மலிவான எண்ணெய்க்கு வாசனை சேர்த்துத் தரும்போது அந்த விலை எதற்கு என்பதே கேள்வி. ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் தோலின் மேலடுக்கைத் தளர்த்தக்கூடியது. உயர்ந்த விலை கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

எந்த எண்ணெயானாலும் மூக்கிலும் காதிலும் விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நோயாவது உண்டு.

கேள்வி: என் மகளுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒரு சிவப்பழகு க்ரீம் கொடுத்தார். மூன்று வாரத்தில் முகம் நன்றாக வெளுத்தது. நிறுத்தியதும் சிவந்து எரிகிறது, பருக்கள் வருகின்றன. டப்பாவில் உட்பொருள் எதுவும் எழுதவில்லை. கடைக்காரர் மீது புகார் செய்யலாம் என்றால் இது கடையில் வாங்கியதே அல்ல. என்ன செய்வது? – வாசகி, ராமநாதபுரம்

பதில்: புகாரை அடுத்து பார்க்கலாம், டப்பாவைத் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்குக் கவலை தருகிறது. அவ்வளவு விரைவாக வேலை செய்யும் க்ரீம்களில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: ஸ்டீராய்டு, பாதரசம்.

நிறுத்தியதும் சிவந்து எரிவதும் பருக்கள் கிளம்புவதும் ஸ்டீராய்டு க்ரீமைத் தொடர்ந்து முகத்தில் பூசியவர்களிடம் தோல் மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. நம் மருந்துக் கடைகளிலேயே பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் கலந்த டியூபுகளை முக க்ரீமாகவே வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் இவ்வகைக் களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. டியூபின் பெட்டியில் செங்குத்தான சிவப்புக் கோடு ஒன்று இருந்தால் அது மருந்து, அழகுசாதனம் அன்று. எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே பூசினால் இரண்டு நாள் அடங்கியதுபோல இருக்கும். பிறகு முன்னிலும் மோசமாகும்.

பாதரசம் இதைவிடக் கெடுதல். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுத்து வெளுக்கச் செய்யும் அது, தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல், உரிய விவரம் இல்லாத சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்களிடம் சிறுநீரக நோய் காணப்பட்டது செய்தியானது. 2020-இன் அழகுசாதன விதிகள் பாதரசத்தைச் சேர்ப்பதையே தடை செய்கின்றன. தற்செயலாகக் கலந்திருந்தாலும், கண்ணுக்கான பொருள்கள் தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உட்பொருளில் 'காலோமெல்', 'மெர்குரியஸ் குளோரைடு' என்ற பெயர்கள் இருந்தாலோ, 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எச்சரித்திருந்தாலோ தொடவே வேண்டாம்; நகையோடு சேர்ந்து வினைபுரியும் பொருளை முகத்தில் பூசச் சொல்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். சிறுநீர் நுரைத்துப் போகிறதா, காலையில் கண்ணிமையும் மாலையில் கணுக்காலும் வீங்குகின்றனவா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பூசிய க்ரீம் துணியில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மகளின் தலையணை உறையையும் துண்டையும் தனியே வையுங்கள்.

சட்டப்படி இறக்குமதியாகும் அழகுசாதனத்தின் மேல் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளரின் பெயர், விலாசமும் இருக்க வேண்டும். பயணப் பெட்டியில் வந்த டப்பாவுக்கு இவை இருக்காது என்பதால் நுகர்வோர் வழக்குக்கு எதிராளி கிடைப்பது கடினம். ஆனால் அதே க்ரீம் உங்கள் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலோ பியூட்டி பார்லரிலோ விற்கப்படுகிறதென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். அழகுசாதனப் பொருள்களும் அவர்களது அதிகாரத்துக்கு உட்பட்டவையே.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு. கால் முழுவதும் வறண்டு அரிக்கிறது. இணையத்தில் 900 ரூபாய்க்கு ஒரு லோஷன் வாங்கினேன். வந்து சேர்ந்தபோது பயன்படுத்தும் காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விற்றவர் 'திறந்த பொருளைத் திரும்பப் பெற முடியாது' என்கிறார். – வாசகர், மதுரை

பதில்: காலம் முடிந்த பொருளை விற்றது அவர் குற்றம், மூடியைத் திறந்தது உங்கள் குற்றம் ஆகாது. பாட்டிலின் அடியில் உள்ள தேதி, தொகுதி எண், ரசீது, பார்சலின் மேலிருந்த சீட்டு ஆகியவற்றைப் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல நேரங்களில் அங்கேயே பணம் திரும்பிவிடும். இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் தாக்கல் செய்ய முடியும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அப்பாவின் காலுக்கு 900 ரூபாய் தேவையில்லை. வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதைக் குறைத்து, துடைத்த ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிவிடுங்கள். சிறிய டப்பா ஐம்பது, அறுபது ரூபாய்க்குள் கிடைக்கும். சர்க்கரை நோயாளி என்பதால் கால் விரல் இடுக்குகளில் மட்டும் தடவ வேண்டாம், அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பதினைந்து நாளாகியும் அரிப்பு அடங்காவிட்டாலும், இரவில் அதிகமாகி வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கத் தொடங்கினாலும், அது வறட்சியாக இராது. இன்னொரு லோஷன் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.