தனுஷ்கோடியில் வானம் இவ்வளவு இருட்டாக இருக்கும்போது, ஆதி ஒளியைப் படமெடுக்க விண்வெளித் தொலைநோக்கி எதற்கு?

இருட்டு மட்டும் போதாது. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட அந்த ஒளி, பிரபஞ்சம் விரிய விரிய நீண்டு, இப்போது மைக்ரோ அலையாக வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வெப்பநிலை வெறும் 2.7 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்.

நம் கடற்கரையில் ராத்திரி வெளியே நிறுத்திய பைக் சீட்டைக் காலையில் தொட்டால் ஈரம் பிசுபிசுக்குமே, காற்றிலுள்ள அந்த நீராவிதான் முதல் தடை. மைக்ரோ அலையை உறிஞ்சும், தானும் உமிழும். தரையிலிருந்து பார்ப்பவர்கள் சிலி நாட்டின் வறண்ட அடகாமா பாலைவனத்துக்கும் தென் துருவத்துக்கும் போவது அதனால்தான். ஆனால் ஓரிடத்திலிருந்து முழு வானமும் தெரியாது.

சரி, 2009இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய பிளாங்க் என்ற விண்வெளித் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றது. தேடியது அந்த ஒளியில் இடத்துக்கு இடம் இருக்கும் லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப வேறுபாடு. அதற்காகச் சில உணரிகளை 0.1 கெல்வினுக்குக் குளிர்வித்தார்கள்.

என்னை அசத்துவது அதற்கப்புறம் நடந்த வேலை. பால்வீதியின் தூசியும் மைக்ரோ அலையில் ஒளிரும். 9 அலைவரிசைகளில் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் தூசி எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கழித்தார்கள். மிஞ்சியதுதான் 2013இல் வெளியான ஆதி ஒளியின் வரைபடம். பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்ற கணக்கு அதிலிருந்து உறுதியானது.