அவ தப்பிச்சுப் போனா தப்பா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, தொண்ணூறுகள்ல வந்த ஹாலிவுட் க்ரைம் த்ரில்லர்கள்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச பொண்ணு கேரக்டர் 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' பிரிட்ஜெட்தான்னு ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல, அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சுட்டு இதையே பேசிடலாம். படங்களோட முடிவைச் சொல்லாம இதைப் பேச முடியாது, அதனால இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, பத்திரிகை எங்கயும் ஓடிடாது.

கேள்வி: ஃபெம் ஃபாடல், ஃபெம் ஃபாடல்னு எழுதுறீங்களே சார், வில்லின்னு சொன்னா பத்தாதா? (வாசகர், மதுரை)

பத்தாதுங்க. அது ஃப்ரெஞ்ச் வார்த்தை, நேரா சொன்னா சாவைக் கூட்டிட்டு வர்ற பொண்ணு. வில்லின்னா ஹீரோவுக்கு எதிர்ல நிக்கிறவ, பாத்ததுமே அவன் உஷாராயிடுவான். இவளை ஹீரோவே தேடிப் போய் விழுவான், விழும்போதே இது வேணாம்னு அவன் மனசு சொல்லும், தெரிஞ்சே விழுவான். நம்ம பாட்டிங்க மல்லிகைப்பூ வாசம் வந்தா திரும்பிப் பாக்காதடான்னு மோகினி கதை சொல்வாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த பயம்தான். ஆனா மோகினிக்கு இன்சூரன்ஸ் பணம் வேணாம், இவளுக்கு வேணும், மோகினி செத்துப்போன பொண்ணு, இவ வாடகை கட்டி வேலைக்குப் போற பொண்ணு. மாயக்காரின்னு எழுதலாம்தான், எழுதினா பழைய ராஜா ராணி படம் ஞாபகம் வருது, அதான் ஃப்ரெஞ்ச் வார்த்தையையே வச்சுக்கிட்டேன்.

கேள்வி: நாப்பதுகள்ல வந்த கறுப்பு வெள்ளை படங்கள்ல இந்த மாதிரி பொண்ணு கடைசில செத்துடுவா, இல்ல போலீஸ்ல மாட்டுவா. தொண்ணூறுகள்ல மட்டும் ஜாலியா கார் ஏறிப் போறாளே, காலம் கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்கலாமா? (வாசகர், ஈரோடு)

அப்படி எடுத்துக்காதீங்க. நாப்பதுகள்ல அவ செத்ததுக்குக் காரணம் எழுதினவங்களோட நல்ல மனசு கிடையாது, ஹேஸ் கோட்னு ஒரு சென்சார் விதி இருந்துச்சு. 1930-ல எழுதினாங்க, 1934-ல இருந்து கறாரா அமல் பண்ணாங்க, 1968-ல எடுத்துட்டு இப்ப இருக்கிற ரேட்டிங் முறையைக் கொண்டு வந்தாங்க. அந்த விதிப்படி குற்றம் பண்ணவங்க தண்டனை வாங்கியே ஆகணும், பாக்குறவங்களுக்கு குற்றவாளி மேல பரிவு வந்துடவே கூடாது. 'டபுள் இண்டெம்னிட்டி'யை எடுத்துக்கோங்க. புருஷனைக் கொன்னு இன்சூரன்ஸ் பணத்தை எடுக்கலாம்னு ஒரு பொண்ணு இன்சூரன்ஸ் ஏஜெண்டை வளைச்சுப் போடுற கதை, ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதினது. 1935-லயே ஸ்டூடியோக்கள் கண்ணுல பட்டுடுச்சு, ஆனா இதைப் படமா எடுக்கவே முடியாதுன்னு கோட் ஆபீஸ்ல இருந்து வந்த ஒரு லெட்டர்ல எல்லாரும் கை கழுவிட்டாங்க. பில்லி வைல்டர் அதை எடுத்து முடிச்சது 1944-லதான், அதுலயும் அந்தப் பொண்ணா நடிச்ச பார்பரா ஸ்டான்விக் சுட்டுக் கொல்லப்படணும், ஏஜெண்டும் தப்பிக்கக் கூடாது. அவனை விஷவாயு அறைல வச்சு கொல்ற சீன் ஒண்ணையே வைல்டர் ஷூட் பண்ணி வச்சிருந்தாரு, அப்புறம் வேணாம்னு எடுத்துட்டாரு.

விதி போனப்புறம்தான் எழுதுறவன் கையில முடிவு வந்துச்சு. 1981-ல வந்த 'பாடி ஹீட்' படத்துல கேத்லீன் டர்னர் தூரதேசத்து பீச்சுல படுத்திருப்பாங்க, காதலன் ஜெயில்ல இருப்பான். அந்தக் கதவு வழியாத்தான் தொண்ணூறுகள்ல எல்லாரும் வந்தாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். விதியை எடுத்துட்டாலும் தியேட்டர்ல உக்காந்திருக்கிறவங்க மனசுல இருந்து அது உடனே போயிடல. 1987-ல 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்துல கல்யாணம் ஆன ஒருத்தன் மேல வெறியா இருக்கிற பொண்ணா க்ளென் க்ளோஸ் நடிச்சாங்க, முதல் முடிவுல அவ தன் கழுத்தை அறுத்துக்கிட்டு பழி அந்த ஆள் மேல விழுற மாதிரி எடுத்திருந்தாங்க, டெஸ்ட் ஷோ பாத்த ஜனங்களுக்குப் பிடிக்கல, அதனால அவன் பொண்டாட்டி கையால அவளைச் சுட்டுக் கொல்ற மாதிரி புதுசா எடுத்து ஒட்டினாங்க. க்ளென் க்ளோஸ் அதை எதிர்த்துப் போராடிப் பாத்தாங்க. அப்ப எந்த சென்சாரும் கேக்கல, ஜனங்களே கேட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஜனங்கதான் 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்'ல ஷரோன் ஸ்டோன் தப்பிக்கிறதைப் பாக்க க்யூவுல நின்னாங்க.

கேள்வி: 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்'தான் இந்த வகைக்கே ராணி. அதை விட்டுட்டு யாருமே பாக்காத ஒரு சின்ன படத்தைத் தூக்கி வைக்கிறீங்களே, நியாயமா? (வாசகர், கோயம்புத்தூர்)

யாருமே பாக்கலைங்கிறதுதான் எனக்கு வருத்தமே, அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' பெரிய படம், மறுக்கல. ஜோ எஸ்டர்ஹாஸ் ஸ்க்ரிப்ட்டை 30 லட்சம் டாலருக்கு வித்தாரு, பால் வெர்ஹோவன் எடுத்தாரு, 1992-ல ரிலீஸ், ஷரோன் ஸ்டோன் ஒரே நாள்ல உலகம் பூரா தெரிஞ்ச முகம் ஆனாங்க. ஆனா படத்தை மறுபடி போட்டுப் பாருங்க, ஷரோன் ஸ்டோன் நடிச்ச கேத்தரினை நாம எப்பவுமே போலீஸ்காரனா வர்ற மைக்கேல் டக்ளஸ் கண்ணு வழியாத்தான் பாக்குறோம், அவ தனியா இருக்கும்போது என்ன நினைக்கிறா, ராத்திரி தூக்கம் வருதா, பணம் இவ்ளோ இருக்கே அப்புறம் எதுக்குக் கொலை, எதுவுமே நமக்குத் தெரியாது. கடைசி ஷாட்ல கட்டிலுக்கு அடியில ஐஸ் உடைக்கிற ஊசி கிடக்கும், அதோட படம் முடிஞ்சிடும். அவ ஒரு புதிர். புதிரா இருக்கிற வரைக்கும் அவ அந்த ஆளோட பயம்தான், தனியா ஒரு மனுஷி ஆகல.

1994-ல ஜான் டால் எடுத்த 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' அப்படியே தலைகீழ். முதல் சீன்லயே பிரிட்ஜெட் வேலை பாத்துட்டு இருப்பா, நியூயார்க்ல டெலிஃபோன்ல சாமான் விக்கிற ஆபீஸ், ஒரு ரூம் நிறைய ஆம்பளைங்களை திட்டித் திட்டி வேலை வாங்குவா. புருஷன் டாக்டருக்குப் படிக்கிறவன், கந்துவட்டிக்காரன்கிட்ட கடன், ஆஸ்பத்திரி கொக்கெய்னை வித்து 7 லட்சம் டாலரோட வீட்டுக்கு வருவான், வந்தவன் ஒரு பேச்சுக்காக அவளை அறைவான். அவன் குளிக்கப் போவான். அவ பணத்தை எடுத்துக்கிட்டு கிளம்பிடுவா. அவ்ளோதான் ஆரம்பம், பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது, அவ யாருன்னு நமக்கு முழுசா தெரிஞ்சிடும், இதுக்கு மேல மறைக்க ஒண்ணுமே இல்ல.

அப்புறம் ஒரு சின்ன ஊர்ல போய் நிக்கிறா, வக்கீல்கிட்ட கேக்குறா, விவாகரத்து ஆகாம இந்தப் பணத்தைத் தொட்டா புருஷனுக்கும் பங்கு போகும்னு அவன் சொல்றான், சரி இங்கயே இருப்போம்னு நியூயார்க்குங்கிற பேரையே தலைகீழா எழுதிப் பாத்து அதுல இருந்து வெண்டி க்ராய்னு ஒரு பொய்ப் பேரை உண்டாக்கி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில வேலைக்குச் சேந்துடுறா. எனக்கு இந்த இடம்தான் உயிர். நாப்பதுகள்ல இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாத்தவன் ஆம்பளை, வீட்ல உக்காந்து காத்திருந்தவ பொண்ணு. அம்பது வருஷம் கழிச்சு அவளே ஆபீஸ்ல டேபிள் போட்டு உக்காந்துட்டா. ஒருத்தனோட கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாத்தே அவன் பொண்டாட்டிக்கு துரோகம் பண்றானான்னு சொல்லிடலாம்னு கண்டுபிடிச்சு, அப்படிப்பட்ட பொண்டாட்டிங்களுக்கு ஃபோன் போட்டு கொலையையே ஒரு சேவை மாதிரி விக்கப் பாப்பா, முதல் சீன்ல ஆபீஸ்ல பண்ண அதே விற்பனைதான்! ஸ்க்ரிப்ட் எழுதின ஸ்டீவ் பரன்சிக்கை இதுக்காகவே கும்பிடலாம்.

இன்னொரு விஷயம், அவ யாருகிட்டயும் நல்லவ மாதிரி நடிக்கிறதில்ல. பார்ல சந்திக்கிற மைக்கிட்ட அழுது பரிதாபம் தேடுறதில்ல, நீ எனக்கு எதுக்கு வேணும்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா, அவன்தான் இதுக்குள்ள காதல் இருக்கும்னு நம்பிக்கிட்டே போறான். கடைசில புருஷனை அவளே கொன்னு, பழியை மைக் மேல போட்டு, அவனைக் காப்பாத்தக்கூடிய ஒரே சாட்சியான சின்ன பெயர்ச்சீட்டை கார்ல உக்காந்தபடியே கொளுத்திப் போடுவா. பிரிட்ஜெட்டா நடிச்ச லிண்டா ஃபியோரெண்டினோ மூஞ்சில அப்ப ஒரு அவசரமும் இருக்காது.

இதுக்கு ஆஸ்கர் நாமினேஷன் கூட கிடையாது. படம் தியேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடி ஹெச்பிஓ டிவில போட்டுட்டாங்க, டிவில முதல்ல வந்த படம் போட்டிக்குத் தகுதி இல்லைங்கிறது அகாடமியோட விதி. நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த வருஷத்து சிறந்த நடிகைன்னு அவங்களுக்குக் கொடுத்தாங்க, பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டாவுக்கு நாமினேஷனும் வந்துச்சு. ஆனா ஆஸ்கர் மேடைன்னா வேற வீச்சு இல்லையா, அது கிடைச்சிருந்தா இன்னைக்கு நீங்க யாருமே பாக்காத படம்னு எழுதியிருக்க மாட்டீங்க. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது ஆறல.

கேள்வி: நீங்க ரசிச்சு எழுதுறது சரி. ஆனா இந்தப் பொண்ணுங்க எல்லாமே ஆம்பளைங்க பயத்துல பொறந்தவங்கதானே? வேலைக்குப் போற, ஆசையை வெளிய சொல்ற பொண்ணுன்னா கொலைகாரின்னு காட்டுறதை ஒரு பொண்ணா நான் எதுக்கு ரசிக்கணும்? (வாசகி, திருச்சி)

உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன்மா. நீங்க சொல்றதுல பெரும்பகுதி உண்மை. அந்த வருஷங்கள்ல வந்ததுல பாதிக்கு மேல அப்படித்தான், 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' ஷூட்டிங் நடந்தப்பவே சான் ஃப்ரான்சிஸ்கோவுல ஓரினச்சேர்க்கை உரிமை அமைப்புகள் தெருவுல இறங்கி எதிர்ப்பு தெரிவிச்சாங்க, எங்களை ஏன் எப்பவும் கொலைகாரங்களாவே காட்டுறீங்கன்னு கேட்டாங்க, அந்தக் கேள்வில என்ன தப்பு இருக்கு? நான் தலையில தூக்கி வச்சிருக்கிற 'தி லாஸ்ட் செடக்‌ஷன்'லயும் மைக்கோட பழைய கல்யாண ரகசியம்னு ஒரு திருப்பம் வரும், ஒரு திருநங்கையை அவமானச் சின்னமா வச்சு எழுதினது, அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு சுருங்கிடும்.

கேமராவுக்குப் பின்னாடியும் அதே கதைதான். 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்'டோட அந்தப் பிரபலமான விசாரணை சீன்ல உடம்பு எதுவும் கேமராவுல தெரியாதுன்னு சொல்லித்தான் தன்னை எடுத்தாங்க, முடிஞ்ச படத்தைப் பாக்கும்போதுதான் தெரிஞ்சுதுன்னு ஷரோன் ஸ்டோன் 2021-ல வந்த சுயசரிதைல எழுதியிருக்காங்க. வெர்ஹோவன் அதை மறுத்துட்டாரு. சம்பளம் தனக்கு 5 லட்சம் டாலர், மைக்கேல் டக்ளஸுக்கு 1 கோடியே 40 லட்சம்னும் அவங்களே பேட்டில சொன்னாங்க. திரைல எல்லா ஆம்பளையையும் ஆட்டி வைக்கிற பொண்ணுக்கு வெளிய கிடைச்ச மரியாதை அவ்ளோதான்.

அப்புறம் ஏன் ரசிக்கிறேன்னா, பயத்துல பொறந்தாலும் சில சமயம் அந்தக் கேரக்டர் எழுதினவன் கையை மீறி வளந்துடும்மா. அப்ப ஹாலிவுட் படங்கள்ல பொண்ணுங்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் ஹீரோவோட மனைவி, ஹீரோவோட காதலி, ஹீரோ காப்பாத்த வேண்டிய பொண்ணு. திட்டம் போடுற, தப்புக் கணக்கு போட்டா தானே சரிபண்ணிக்கிற, எல்லாரையும் விட புத்திசாலியா இருக்கிற வேஷம் வேணும்னா ஒரு நடிகை இந்தப் பக்கம்தான் வரணும். 1995-ல நிக்கோல் கிட்மன் 'டு டை ஃபார்'ல டிவி ஆசை பிடிச்ச ஒரு பொண்ணா நடிச்சப்புறம்தான் அவங்களை சீரியஸா எடுத்துக்கிட்டவங்க நிறைய பேர். நீங்க ரசிக்கணும்னு நான் கேக்கல, பிடிக்கலைன்னா அது உங்க உரிமை. ஆனா அடுத்த கேள்விக்கான பதிலை மட்டும் படிச்சிட்டு அந்த ஒரு படத்தைப் பாருங்க.

கேள்வி: கூட இருக்கிறவனை ஏமாத்தாத ஃபெம் ஃபாடல் யாராவது இருக்காளா? (வாசகர், தஞ்சாவூர்)

இருக்கா, 1996-ல வந்த 'பவுண்ட்'. வச்சாவ்ஸ்கிகளோட முதல் படம், 'மேட்ரிக்ஸ்' எடுக்குறதுக்கு முன்னாடி. சிகாகோல ஒரு மாஃபியா ஆளோட வாழுற வயலெட், பக்கத்து ஃப்ளாட்ல பெயிண்ட் அடிக்க வந்த, ஜெயில்ல இருந்து அப்பதான் வெளிய வந்த கார்க்கி, ரெண்டு பேருக்கும் காதல் வரும், மாஃபியா பணம் 20 லட்சம் டாலரைத் தூக்கலாம்னு திட்டம் போடுவாங்க. அந்த நோட்டெல்லாம் ரத்தத்துல நனைஞ்சிருக்கும், அதை அந்த ஆள் ஒண்ணு ஒண்ணா கழுவி, கொடில காயப்போட்டு, இஸ்திரி போடுவான், கறுப்புப் பணத்தை சலவை பண்றதுன்னு சொல்வோமே அதை அப்படியே கண்ணால பாக்கலாம். படம் பாக்குற நமக்கு வயலெட்டா நடிச்ச ஜெனிஃபர் டில்லி எப்ப கார்க்கியைக் கவுத்துடுவாளோன்னு பக் பக்குனு இருக்கும், ஏன்னா அம்பது வருஷப் படங்கள் நமக்கு அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு. அவ கவுக்கவே மாட்டா. ரெண்டு பேரும் ஒண்ணா வண்டி ஏறிப் போயிடுவாங்க. கார்க்கியை ஆம்பளையா மாத்தினா பணம் தர்றோம்னு ஸ்டூடியோக்காரங்க கேட்டப்ப வச்சாவ்ஸ்கிகள் முடியாதுன்னுட்டாங்க, மாத்தியிருந்தா இதுவும் நூத்துல ஒண்ணா போயிருக்கும்.

கேள்வி: நிஜத்துல இப்படி நடந்திருக்கா? (வாசகர், நாகர்கோவில்)

'டபுள் இண்டெம்னிட்டி'க்கு விதையே நிஜம்தான். 1927-ல நியூயார்க்ல ரூத் ஸ்னைடர்ங்கிற பெண்ணும் அவங்க காதலனும் சேந்து புருஷனைக் கொன்னாங்க, விபத்துன்னா ரெட்டிப்புப் பணம் வர்ற பாலிசி அவர் பேர்ல இருந்துச்சு. மறு வருஷமே ரெண்டு பேருக்கும் மின்சார நாற்காலி. நிஜத்துல அவங்க திட்டம் ரொம்ப அரைகுறை, போலீஸ் ஒரு நாள்ல கண்டுபிடிச்சிட்டாங்க. பிரிட்ஜெட் மாதிரி எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிக்கிறவ சினிமால மட்டும்தான்.

கேள்வி: புதுசா பாக்குறவன் எதுல ஆரம்பிக்கணும் சார்? (வாசகர், வேலூர்)

முதல்ல 'டபுள் இண்டெம்னிட்டி', அப்புறம் 'பாடி ஹீட்', மூணாவது 'தி லாஸ்ட் செடக்‌ஷன்', இந்த வரிசைலயே பாருங்க, நடுவுல வேற எதையும் சொருகாதீங்க. மூணாவது படத்துல அவ வேலை கேட்டு இன்சூரன்ஸ் ஆபீஸ் கதவைத் திறந்து உள்ள நுழையும்போது முதல் படத்து ஆபீஸ் ஞாபகம் வருதான்னு எனக்கு எழுதுங்க.