42 வயதில் திறந்த கதவு

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் வீரர் சாட்செல் பெய்ஜைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே! பெரிய லீக்கில் (நாட்டின் உச்சமட்டப் போட்டியான மேஜர் லீக்) பந்து எறிபவராக அவர் கணக்கில் 28 வெற்றி, 31 தோல்வி. 59 வயதில் முன்னும் பின்னும் ஆடும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை காட்டியவருக்கு இத்தனை புகழ் தேவையா?

- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேவை. நீங்கள் காட்டும் கணக்கு அவருடைய 42-வது வயதில்தான் தொடங்குகிறது. 1926-லிருந்தே அவர் காசுக்குப் பந்து எறிந்தவர். ஆனால் 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் நுழையும்வரை பெரிய லீக்குகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. 22 வருட உழைப்பை விட்டுவிட்டு ஒரு மனிதரை எடை போடாதீர்கள்.

அலபாமாவின் மொபீல் நகரத்துப் பையன். சில்லறைத் திருட்டுக்காக 12 வயதில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பந்து எறியும் நுணுக்கம் கைவந்தது அங்கேதான். பிறகு நீக்ரோ லீக் (கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த லீக்) அணிகள், வடக்கு டகோட்டா, டொமினிக்கன் குடியரசு என்று கூலி கிடைத்த இடமெல்லாம் போய் எறிந்தார். 1942 நீக்ரோ உலகத் தொடரில் மூன்று பேஸிலும் (ஓடி ரன் எடுக்கும் முனைகள்) எதிரணி ஆள் நிற்க, எதிரே ஜோஷ் கிப்சன், அந்த லீக்கிலேயே பெரிய அடிகாரர். மூன்றே பந்து. கிப்சன் அவுட்.

அவருடைய 'தயங்கும் பந்து' ஒன்று போதும், மேதை என்று சொல்ல. இடது கால் தரையில் ஊன்றிவிடும்; கை மட்டும் ஒரு கணம் பின்னாலேயே நிற்கும். பேட்டர் அவசரப்பட்டு மட்டையை வீசிய பிறகுதான் பந்து புறப்படும். 1948-ல் கிளீவ்லண்ட் அணியில் சேர்ந்ததும், அந்த அணி ஆடிய பெரிய லீக்கான அமெரிக்கன் லீக்கின் தலைவர் அந்தப் பந்துக்கே தடை போட்டார். அப்படியும் அந்த வருடம் 6 வெற்றி, 1 தோல்வி. ஆகஸ்டில் அவர் எறிவதைப் பார்க்க கிளீவ்லண்டில் 78,000 பேருக்கு மேல் கூடினார்கள். எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தரவில்லை.

நீங்கள் சொன்ன 28 வெற்றி என்பதும் பழைய கணக்கு. 2020-ல் மேஜர் லீக் நிர்வாகமே, 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்றுக்கொண்டது. அதையும் சேர்த்தால் அவர் வெற்றிகள் நூறைத் தாண்டுகின்றன.

நாற்காலிக்கு வருகிறேன். 1965 செப்டம்பர் 25, கான்சாஸ் சிட்டி. நாற்காலியும் பக்கத்தில் ஒரு நர்ஸும் அந்த ஊர் அணி முதலாளியின் ஏற்பாடு. எறிந்தது பெய்ஜின் கை. பாஸ்டன் அணிக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ், ரன் இல்லை. ஒரே ஒருவர்தான் ஹிட் அடித்தார்: கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. அவர் 1939-ல் பிறந்தபோது பெய்ஜ் எறியத் தொடங்கி 13 வருடம் ஆகியிருந்தது.